இடது ஜன்னலில் ஒரு முழங்கை: மோல்மேன்–முடோன் சாலையில் ஒரு விபத்துக்கு முந்தைய எட்டு விநாடிகள்

விபத்து நடந்து மூன்றாம் நாள், கையைத் தூளியில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த மருமகன் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "திடீர்னு கதவு திறந்துருச்சு." மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருந்த நானும் முதல் இரண்டு நாள் அதையேதான் சொன்னேன், முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டே. மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அந்த முழங்கை ஞாபகம் வந்தது. எங்களுக்கு முன்னால் போன லைன்காரின் (ஆள் ஏற்றுகிற பிக்கப் வண்டி) இடது ஜன்னலில் ஒரு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் அது உள்ளே போனது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு "திடீர்னு" என்ற சொல்லை எங்கள் வீட்டில் தடை செய்துவிட்டோம். யார் மேல் தப்பு என்று பஞ்சாயத்து பண்ண நான் இதை எழுதவில்லை. அந்த எட்டு விநாடியில் சாலை எங்களிடம் என்னென்ன சொன்னது, அதில் எதை நாங்கள் கேட்கவில்லை என்று கணக்குப் பார்க்கத்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பர்மாவின் மோன் மாநிலத்தில், மோல்மேனிலிருந்து தெற்கே முடோன், தான்பியூசயாத், யே என்று போகிற சாலை. கியாவ்தலோன் குன்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கிற பாறை, உச்சியில் புத்தக் கோபுரங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் குன்றின் மேல் நம்மவர் கோயில். ஆடி வெள்ளி என்பதால் அங்கே போகக் கிளம்பினோம். நேரம் காலை ஏழேகால். இரவெல்லாம் கொட்டிவிட்டு அப்போதுதான் மழை விட்டிருந்தது. மோன் மாநிலத்து ஆடி மழை எப்படி என்று தெரியாதவர்களுக்கு: ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை துணி காயாது, தார்ச்சாலையின் ஓரங்கள் செம்மண் சேறாகத்தான் கிடக்கும்.

வண்டி கென்போ 125. ஓட்டியவன் மருமகன், வயது பத்தொன்பது. இங்கே ஒரு விஷயம் முக்கியம். அவன் பிறந்து வளர்ந்தது ரங்கூனில், ரங்கூன் நகருக்குள் பெரும்பாலான வட்டாரங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டவே கூடாது, 2003லிருந்து அப்படித்தான். அதனால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் பத்து பன்னிரண்டு வயதிலேயே அப்பாவின் பின்னால் உட்கார்ந்து தன்னை அறியாமல் கற்றுக்கொள்கிற சாலைப் படிப்பு இவனுக்குக் கிடையாது. என் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நாலு மாதத்தில் கியர் போட, வளைக்க, நிறுத்த எல்லாம் பழகிவிட்டான், கைகால் சுத்தம். சொல்லிக் கொடுத்தது நான்தான். கைகாலுக்குச் சொல்லிக் கொடுத்தேன், கண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நடந்தது இது. எங்களுக்கு முன்னால் ஒரு லைன்கார், பிக்கப் வண்டிக்குக் கூரை போட்டு உள்ளே இரண்டு பெஞ்சு வைத்ததுதான், பின்படியில் நாலு பேர் தொற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு டீக்கடைக்கு எதிரே வலது ஓரமாக ஒதுங்கியது. நாங்கள் இடப்பக்கமாகத் தாண்டினோம். முன் இடக்கதவு திறந்து ஒரு பாட்டி வெற்றிலைக் கூடையோடு காலைக் கீழே வைத்தார். மருமகன் பின்பிரேக்கை ஓங்கி மிதித்தான். பின்சக்கரம் வழுக்கியது, ஹேண்டிலின் வலது முனை கதவு விளிம்பில் உரசியது, இரண்டு பேரும் இடப்பக்கமாக விழுந்து ஏழெட்டடி தேய்த்துக்கொண்டு போனோம். அவனுக்கு இடது காறை எலும்பில் விரிசல். எனக்கு முழங்காலும் உள்ளங்கையும் தோல் உரிந்தது. ஹெல்மெட்டின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கீறல், வாரைப் பூட்டியிருந்ததால் அது ஹெல்மெட்டோடு போனது. பாட்டிக்கு ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். வெற்றிலைதான் சாலை முழுக்கப் பரவிக் கிடந்தது. பாட்டி எங்களைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு வெற்றிலையாகப் பொறுக்கினார், நான் நொண்டிக்கொண்டே கூடப் பொறுக்கினேன். ஈர வெற்றிலை தாரில் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது பொறுக்கினவருக்குத்தான் தெரியும். போலீஸ், சமாதானம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே நாளில் முடிந்தது, அதை விடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நான் தனியாக அந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இடத்தைக் காலடியால் அளந்தேன். கடைக்காரர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். லெபெயே, அதாவது பால் டீ, ஒன்று சொல்லிவிட்டு, அந்தக் காலையைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டிப் பார்த்தேன். கதவில் உரசிய கணம்தான் சுழியம்.

எட்டு விநாடிக்கு முன்னால்: பின்படியில் நின்ற ஒருவர் காலடியில் கிடந்த மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். ஓடுகிற வண்டியில் யாரும் வேலை மெனக்கெட்டு மூட்டையைத் தூக்க மாட்டார்கள், இறங்கப் போகிறவர்தான் தூக்குவார்.

ஆறு விநாடிக்கு முன்னால்: சபேயா பையன், நம்மூரில் கிளீனர் என்போமே, அவன் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். டொப் டொப். நிறுத்து என்று அர்த்தம். இந்தச் சத்தத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறோம், அதனாலேயே அது காதுக்குள் போய் மூளைக்குப் போகாமல் நின்றுவிடுகிறது.

ஐந்து விநாடிக்கு முன்னால்: அந்த முழங்கை உள்ளே போனது.

நாலு விநாடிக்கு முன்னால்: லைன்காரின் வலது சக்கரங்கள் சேற்றில் இறங்கின, வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. பிரேக் விளக்கு எரிந்ததா என்று கேட்காதீர்கள். பின்படியில் நாலு ஜோடிக் கால் நின்றால் விளக்கு எங்கே தெரியும்? இண்டிகேட்டர் என்ற பேச்சே வேண்டாம்.

மூன்று விநாடிக்கு முன்னால்: எதிரே தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. மருமகன் அதற்கு முன்னால் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். இந்த மூன்று விநாடியும் அவன் கண் எதிர்வண்டியில்தான். அதில் தப்பில்லை, எதிர்வண்டியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கவனம் டார்ச் லைட் மாதிரி, ஒரு இடத்தில் அடித்தால் மற்ற இடம் இருட்டு. கண் திறந்திருந்தும் கண்ணெதிரே இருக்கிற கதவு அவனுக்குக் கதவாகத் தெரியவில்லை, லைன்காரின் ஒரு பக்கமாகத்தான் தெரிந்தது.

கதவு திறந்தபோது எங்களுக்கும் அதற்கும் நடுவே ஏழு மீட்டர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குப் பதினோரு மீட்டர் போகிறோம். அதாவது கையில் இருந்தது அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே. எதிர்பாராத ஒன்றைக் கண்டு கைகால் அசையவே ஒரு விநாடி ஆகும். அதற்கு மேல் ஈரத் தாரில் மிதமாகப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் பதினைந்து மீட்டர். மொத்தம் இருபத்தாறு மீட்டர் வேண்டிய இடத்தில் ஏழு மீட்டர் வைத்துக்கொண்டு, "நல்லா பிரேக் பிடிச்சிருக்கலாமேடா" என்று யாராவது சொன்னால் அவர் வாயில்தான் பிரேக் போட வேண்டும்.

சரி, அதே கணக்கை இப்படிப் போடுவோம். முழங்கை உள்ளே போன அந்த ஐந்தாவது விநாடியில் ஆக்ஸிலேட்டரை விட்டிருந்தால்? வேகம் இருபதுக்கு இறங்கியிருக்கும். விரல்கள் முன்பிரேக் லீவர் மேல் காத்திருந்தால், மனசும் "இது திறக்கலாம்" என்று காத்திருந்தால், கைகால் அசைய அரை விநாடி போதும், அதற்குள் மூன்று மீட்டர். நிற்க நாலு மீட்டர், ஏனென்றால் வேகம் பாதியானால் பிரேக் தூரம் நாலில் ஒன்றாகும். மூணும் நாலும் ஏழு. பாட்டியின் முழங்காலுக்கு முன்னால் முன்சக்கரம் நின்றிருக்கும், பாட்டி அப்போதும் திட்டியிருப்பார், ஆனால் வெற்றிலை கூடையில் இருந்திருக்கும்.

இதில் எங்கேயும் பெரிய ஓட்டும் திறமை தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மணிக்கட்டைத் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை கொடுத்தது. பழசுதான், ஆனால் எங்கள் கதையைப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதின மாதிரி இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் (என்னை மாதிரி மாமாக்களிடம்). ஆபத்து தெரிந்த பிறகு தப்பிக்கக் கிடைத்த நேரம் சாதாரணமாக இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஓட்டியவர்கள் பின்பிரேக்கை அதிகமாக மிதித்து வழுக்கினார்கள், முன்பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. மருமகன் செய்ததும் அதேதான். முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் நம் ஊர் வண்டிக்காரர்களிடம் பரம்பரையாக வருகிறது. பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்தை அமுக்கினால் வழுக்காமல் என்ன செய்யும்? முன்பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், முதலில் தொட்டு, பாரம் முன்னால் இறங்கியதும் அழுத்த வேண்டும். இதை வீட்டு முற்றத்தில் பழகலாம். டீக்கடை வாசலில் பழக முடியாது.

இன்னொன்றும் அளந்தபோதுதான் தெரிந்தது. திறந்த கதவின் விளிம்புக்கும் எதிர்வண்டி போன தடத்துக்கும் நடுவே நாலடி இடம் இருந்தது. நுழைந்து போயிருக்கலாம். போகவில்லை, ஏனென்றால் கதவு திறந்ததும் அவன் கண் கதவு விளிம்பில் ஒட்டிக்கொண்டது, கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். ஒழுங்கையில் சைக்கிள் விடக் கற்கும் பிள்ளை இருக்கிற ஒரே ஒரு விளக்குக் கம்பத்தைத் தேடிப் போய் மோதுவது இதனால்தான்.

இப்போது இந்த நாட்டுக்கே உரிய சங்கதிக்கு வருகிறேன், எனக்கு இந்த விபத்தில் மிகவும் உறைத்தது இதுதான். பர்மாவில் 1970 டிசம்பர் 6ஆம் தேதி வரை வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடின, இந்தியாவில் ஓடுகிற மாதிரி. அன்றைக்கு வலப்பக்கம் மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஜோசியர் கதை உட்பட ஆளுக்கொரு கதை உண்டு, எங்கள் தாத்தா சொன்ன கதை தனி. சாலை மாறியது, வண்டி மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆக ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது சாலையோரப் பக்கம், பக்கத்து சீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பது நடுச்சாலைப் பக்கம்.

இது என்னென்ன செய்கிறது பாருங்கள். தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ நீங்கள் ஒரு வண்டியைத் தாண்டும்போது உங்கள் பக்கம் இருக்கிற கதவு ஓட்டுநருடையது. அவரிடம் பக்கக் கண்ணாடி இருக்கிறது, பார்த்துத் திறக்கிற பழக்கமும் ஓரளவு இருக்கிறது. இங்கே உங்கள் பக்கம் இருக்கிற கதவு பயணியுடையது. லைன்காரில் முன்சீட்டு பெரும்பாலும் வயதானவர்களுக்கோ பொங்கிகள் என்கிற புத்தத் துறவிகளுக்கோதான் கொடுப்பார்கள், மரியாதைக்காக. கண்ணாடி அவர்கள் பார்க்கிற கோணத்தில் இல்லை, இடுப்பு திரும்பாது, கையில் கூடை. சாலையிலேயே ஆபத்தான கதவை, அதைப் பார்த்துத் திறக்க முடியாதவர் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்.

முந்தும் வண்டிகளும் இப்படித்தான். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஓட்டுநருக்கு முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிர்ச்சாலை தெரியாது. தெரிய வேண்டுமானால் வண்டியில் பாதியை நடுக்கோட்டுக்கு வெளியே நீட்ட வேண்டும். அதனால் எதிரே லாரி வருகிறது என்றால் அதன் பின்னால் இருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும் என்று வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும், அந்த மூக்கு உங்களைப் பார்த்துவிட்டது என்று நம்ப வேண்டாம். சில வண்டிகளில் இடப்பக்கம் இருக்கிற சபேயா பையன்தான் "போ, போ" என்று சொல்கிறான், அவன் பார்ப்பது காரும் லாரியும் வருகிறதா என்றுதான். மோட்டார் சைக்கிளோ, குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் வருகிற அக்காவோ அவன் கணக்கில் பாதி நேரம் வருவதில்லை.

மருமகன் கைப்பேசியில் வண்டி ஓட்டும் பாடங்கள் நிறையப் பார்த்திருந்தான், எல்லாம் தமிழ்நாட்டுக்காரர்கள் போட்டது. நல்ல பாடங்கள்தான். ஆனால் அதில் இடது என்று சொல்கிறதையெல்லாம் இங்கே வலது என்று மாற்றினால் போதாது, ஏனென்றால் சாலை மாறியிருக்கிறது, ஸ்டியரிங் மாறவில்லை. பாதியை மாற்றிப் பாதியை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். இடது ஜன்னலில் முழங்கை தெரிந்தால் அது ஓட்டுநரின் கை இல்லை, இறங்கப் போகிற ஒருவரின் கை. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை, நாற்பது வருஷமாக இந்தச் சாலையில்தான் போய் வருகிறேன்.

டீக்கடையில் அன்றைக்கு இரண்டாவது லெபெயே முடிவதற்குள் ஏழு லைன்கார் வந்து நின்றன. நாலில் இடக்கதவு திறந்தது. நாலிலும், கதவுக்கு முன்னால் ஏதோ ஒன்று அசைந்தது. ஒன்றில் முழங்கை உள்ளே போனது, ஒன்றில் ஜன்னல் கண்ணாடி மேலே ஏறியது, மற்ற இரண்டில் தலை குனிந்து எதையோ தேடியது. பின்கண்ணாடி வழியாகத் தெரியாவிட்டாலும் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. இன்னொன்றும் கவனித்தேன்: லைன்கார்கள் நின்று நின்று போகிற அந்த இடத்தில் தாரின் மேல் எண்ணெய் சொட்டி, மழைத் தண்ணீரில் வானவில் நிறமாகப் படர்ந்திருந்தது. நாங்கள் பிரேக் பிடித்தது சரியாக அதன் மேல். வண்டி வழக்கமாக நிற்கிற இடம்தான் வழுக்குகிற இடமும், இரண்டையும் ஒரே சாமான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எலும்பு கூடி மருமகன் மறுபடி வண்டியைத் தொட்டது அக்டோபர் கடைசியில், மழை விட்ட பிறகு. அதற்கு முன்னால் மூன்று வாரம் நான் ஓட்டினேன், அவன் பின்னால். ஒரே ஒரு நிபந்தனை: கண்ணில் படுவதையும் அது அடுத்து என்ன செய்யும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். முதல் நாள் அவனுக்குக் கூச்சம், "மாமா, முன்னாடி நாய் இருக்கு" என்றான்.

"நாய் இருக்குறது எனக்கும் தெரியுதுடா. அது என்ன பண்ணப் போகுது?"

"படுத்திருக்கு."

"எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கு? அந்தப் பக்கம் இன்னொரு நாய் நிக்குதே, அது எதுக்கு நிக்குது?"

இரண்டாம் வாரம் பேச்சு மாறியது. "பொங்கிங்க வரிசையா வர்றாங்க மாமா, எதிர்வீட்டுல சோத்துப் பானையோட அம்மா நிக்கிறாங்க, குறுக்கே வருவாங்க." "கோயிலுக்கு நிதி கேட்டு நடுரோட்டுல வெள்ளிக் கிண்ணம் ஆட்டுறாங்க, முன்னாடி போற கார் காசு போட நிக்கும்." "மூணு சக்கர தொங்பெய்ன் காரன் தலையைத் திருப்பினான், திரும்பப் போறான்." யே ரயில் பாதையைச் சாலை சாய்வாகக் கடக்கிற இடம் வந்தால், தண்டவாளத்தைக் குறுக்காக நேராக ஏற முன்கூட்டியே விலகிக்கொள்ளச் சொன்னான், பிரேக்கைத் தண்டவாளத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள் என்றான். இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயால் சொல்ல வேண்டியிருந்ததால் கண் தேட ஆரம்பித்தது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தான். பின்சீட்டில் உட்கார்ந்தால் நான் சரக்கு மூட்டை கிடையாதாம், எதையாவது பார்த்தால் இடுப்பில் ஒரு தட்டுத் தட்ட வேண்டுமாம். அந்த ஆடி வெள்ளியன்று முழங்கையைப் பார்த்தது நான் ஒருத்தன்தான் என்பதை அவன் மறக்கவில்லை. நியாயம்தான்.

கார்த்திகையில் மறுபடி அதே கோயிலுக்குப் போனோம், அவன்தான் ஓட்டினான். அந்த டீக்கடைக்கு ஒரு மைல் முன்னால், ஒரு லைன்கார் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது வண்டி மெதுவானது. நான் எதையும் பார்க்கவில்லை, தட்டவும் இல்லை. "என்னடா?" என்றேன்.

"முழங்கை உள்ள போச்சு மாமா."

இரண்டு விரல் லீவர் மேல் இருந்தது. நாலைந்து விநாடி அப்படியே பின்னால் போனோம். கதவு திறக்கவில்லை. இடது ஜன்னலில் இருந்து ஒரு புகை வளையம் வந்தது, அதன் பின்னால் சுருட்டைப் பிடித்த கையோடு முழங்கை மறுபடி வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

"பத்த வச்சிருக்காரு," என்று சொல்லிவிட்டு, எதிரே பார்த்து, தாண்டினான்.